ஊழியர் நலனா, லாபமா: எது முந்தியது என்பதை ஆய்வில் எப்படிக் காட்டுவது?

பகுதிநேர ஆய்வாளர், வேளச்சேரி

அனைவருக்கும் வணக்கம். வேலை பார்த்துக்கொண்டே மேலாண்மையியலில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஊழியர் நலன் உயர்ந்தால் வாடிக்கையாளர் நிறைவு உயரும், அதன் வழியாக நிறுவனத்தின் நிதிநிலை மேம்படும் என்பது என் கருதுகோள். சென்னையில் உள்ள தனியார் வங்கிக் கிளைகளில் 400 ஊழியர்களிடமும் 400 வாடிக்கையாளர்களிடமும் வினாத்தாள் கொடுத்து, விடைகளைக் கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரியில் (பல காரணிகளுக்கு இடையிலான தொடர்புகளை ஒருசேரச் சோதிக்கும் புள்ளியியல் முறை) இட்டுப் பார்ப்பது என்று திட்டமிட்டிருந்தேன். கிளையின் லாபக் கணக்கை யாரும் வெளியில் தரமாட்டார்கள் என்பதால், நிதிநிலையை மட்டும் கிளை மேலாளரிடமே ஐந்து புள்ளி அளவுகோலில் மதிப்பிடச் சொல்லலாம் என்றிருந்தேன்.

சென்ற ஆய்வுக்குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. "நல்ல லாபம் வரும் கிளையில் ஊக்கத்தொகையும் பதவி உயர்வும் கிடைக்கின்றன, அதனால்தான் அங்கே ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று நான் வாதிட்டால், உங்கள் தரவை வைத்து அதை எப்படி மறுப்பீர்கள்?" என்றார். நெறியாளரோ மாதிரியின் அளவைக் கூட்டினால் போதும் என்கிறார். போதுமா? நிதித் தரவுக்கு வேறு வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், அடையாறு

உங்கள் ஆய்வுக்குழு உறுப்பினர் கேட்டதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. மாதிரியை 400-லிருந்து 4,000 ஆக்கினாலும் அதற்கு விடை கிடைக்காது, ஏனெனில் ஒரே நாளில் எடுத்த படத்தில் எது முன்னால் நடந்தது என்பது தெரியாது.

நீங்கள் வரைந்திருக்கும் சங்கிலி 1994-இல் ஹெஸ்கெட், சாசர் உள்ளிட்ட ஐவர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் முன்வைத்த 'சேவை லாபச் சங்கிலி'. அது பாடப்புத்தகங்களில் நிலைபெற்றதற்குப் பெரிய காரணம் 1998-இல் அதே இதழில் வெளிவந்த சியர்ஸ் கட்டுரை. அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான சியர்ஸின் கடைகளில், ஊழியர் மனப்பாங்கு 5 அலகு உயர்ந்தால் வாடிக்கையாளர் மதிப்பீடு 1.3 அலகு உயர்கிறது, அதைத் தொடர்ந்து வருவாய் வளர்ச்சி 0.5 விழுக்காடு கூடுகிறது என்று அந்தக் கட்டுரை சொன்னது. இவ்வளவு துல்லியமான எண்களைப் பார்த்தவர்கள் மயங்கியதில் வியப்பில்லை. அதே சியர்ஸ் 2018-இல் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. அதனால் சங்கிலியே பொய் என்று ஆகிவிடாது. ஆனால் ஒரு நிறுவனத்தில் ஒரு காலத்தில் கிடைத்த எண்ணைப் பொது விதியாக எடுத்து ஆள்வது எவ்வளவு ஆபத்து என்பது அதிலிருந்து தெரிகிறது.

அடுத்து நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது 2002-இல் ஹார்ட்டர், ஷ்மிட், ஹேய்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட தொகுப்பாய்வு. 36 நிறுவனங்களின் 7,939 வணிக அலகுகளைச் சேர்த்துப் பார்த்த அவர்கள், ஊழியரின் பணி ஈடுபாட்டுக்கும் வாடிக்கையாளர் நிறைவுக்கும் இடையிலான தொடர்பு ஓரளவு வலுவாகவும், லாபத்துடனான தொடர்பு அதைவிட மெலிதாகவும் இருப்பதைக் கண்டார்கள். இது எதிர்பார்க்கக் கூடியதே. வாடிக்கையாளர் ஊழியரின் முகத்தை நேரில் பார்க்கிறார், லாபத்தை எட்டுவதற்குள் வாடகை, வட்டி, போட்டி, கொள்முதல் விலை என்று எத்தனையோ காரணிகள் குறுக்கே வந்துவிடுகின்றன.

உங்கள் உறுப்பினரின் ஐயத்துக்கு நேராக விடை தேடியது 2003-இல் பெஞ்சமின் ஷ்னைடரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு. 35 நிறுவனங்களின் தரவை எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துக்கொண்டு, இந்த ஆண்டு ஊழியர் நிறைவு பின்வரும் ஆண்டுகளின் லாபத்தை முன்னுரைக்கிறதா, அல்லது இந்த ஆண்டு லாபம் பின்வரும் ஆண்டுகளின் நிறைவை முன்னுரைக்கிறதா என்று இரு திசையிலும் சோதித்தார்கள். லாபத்தின் அளவைகளான சொத்துகள் மீதான வருவாயும் பங்கொன்றின் ஈட்டமும் பிற்கால நிறைவை முன்னுரைப்பதே மறுதிசையைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. ஊதியம் குறித்த நிறைவில் மட்டும் பாதிப்பு இருபுறமும் இருந்தது. ஆகவே உங்கள் உறுப்பினர் வெறும் குதர்க்கம் பேசவில்லை.

மறுபக்கச் சான்றும் உண்டு. அலெக்ஸ் எட்மன்ஸ் 2011-இல் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்காவில் பணியாற்றச் சிறந்தவை எனப் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பங்குகள் 1984 முதல் 2009 வரை, இடர்க் காரணிகளைக் கழித்த பிறகும் ஆண்டுக்கு 3.5 விழுக்காடு கூடுதல் ஈட்டம் தந்ததாகக் காட்டுகிறது. லாபத்தை விட்டுப் பங்கு ஈட்டத்தை அவர் எடுத்ததன் காரணத்தைக் கவனியுங்கள். நிறுவனம் ஏற்கெனவே நன்றாக ஓடுகிறது என்பது இன்றைய பங்கு விலையிலேயே சேர்ந்திருக்கும். அதற்குமேல் பின்னாளில் வரும் ஈட்டத்தை 'லாபம் முந்தியது' என்ற வாதத்தால் எளிதில் விளக்க முடியாது.

இன்னும் நுட்பமானது பிரிட்டனின் தொலைத்தொடர்பு நிறுவனமான பிரிட்டிஷ் டெலிகாமின் அழைப்பு மையங்களில் நடந்த ஆய்வு. வாரந்தோறும் ஊழியரின் மனநிலையைக் கேட்டுப் பதிந்து, அலுவலகச் சன்னல் வழியே தெரியும் வானிலையால் அந்த மனநிலையில் வரும் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து, விற்பனையுடன் ஒப்பிட்டார்கள். அழைப்புகள் நாடெங்கிலுமிருந்து வருவதால், உள்ளூர் மழை வாடிக்கையாளரின் முடிவைப் பாதிக்க வழியில்லை. மகிழ்ச்சியான வாரங்களில் விற்பனை கூடியது. இதைச் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அழைப்பு மையங்களில் அப்படியே செய்து பார்க்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை என்றால் மனநிலை மட்டுமா மாறுகிறது? பேருந்து வராது, வேளச்சேரியில் தண்ணீர் நிற்கும், பாதிப் பேர் வேலைக்கே வந்திருக்க மாட்டார்கள். மழை வேறு வழிகளிலும் விற்பனையைத் தொட்டுவிட்டால் அந்த உத்தி செல்லாது.

உங்கள் திட்டத்தில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. 400 ஊழியர்களும் 400 வாடிக்கையாளர்களும் எந்தக் கிளையைச் சேர்ந்தவர்கள் என்று இணைக்காவிட்டால், அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கருத்துக்கணிப்புகள் மட்டுமே. இணைத்தீர்கள் என்றால் ஆய்வின் அலகு கிளையாகிவிடும். 40 கிளைகளில் கிளைக்குப் பத்து பேர் என்றால், உங்களிடம் உள்ளவை உண்மையில் 40 அவதானிப்புகள். மேலாளரே தம் கிளையின் லாபத்தை மதிப்பிடுவதைக் கைவிட்டுவிடுங்கள். உற்சாகமாக இருப்பவர் எல்லாக் கேள்விக்கும் நான்கும் ஐந்துமாகக் குறிப்பார், அதில் வரும் ஒட்டுறவு அவருடைய உற்சாகத்தின் அளவு.

நிதிக் கட்டுப்பாட்டாளர், தி. நகர்

பேராசிரியர் ஐயா கூறியவற்றோடு கணக்கு எழுதுபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கிளை லாபம் என்பது பெரும்பாலும் தலைமை அலுவலகம் தீர்மானிக்கும் ஓர் எண். வங்கியில், வைப்புத்தொகை திரட்டும் கிளை அந்தப் பணத்தைத் தலைமைக்கு என்ன வட்டியில் 'விற்கிறது' என்ற உள் விலையை மாற்றினாலே, நேற்று நட்டத்தில் இருந்த மயிலாப்பூர் கிளை இன்று லாபத்துக்கு வந்துவிடும். அங்கே அமர்ந்திருக்கும் காசாளரின் நலனுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. விளம்பரச் செலவு, கணினிச் செலவு ஆகியவற்றைக் கிளைகளுக்குப் பங்கிடும் விதமும் இப்படித்தான். ஆதலால் லாபத்தை விட்டுவிட்டு, கிளை ஊழியரின் கைக்கு எட்டும் அளவைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: வங்கியில் மூடப்பட்ட கணக்குகள், புகார்கள்; கடை என்றால் சராசரி பில் தொகை, திரும்ப வரும் வாடிக்கையாளர் விகிதம், கடைக்குள் வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது.

நான் இருப்பது துணிக்கடை வணிகத்தில். ஆடித் தள்ளுபடியின்போதும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் உஸ்மான் சாலைப் பக்கம் வந்து பாருங்கள். விற்பனையாளர் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே இருப்பார், சாப்பாட்டு நேரம் சுருங்கும், வாடிக்கையாளர் எரிச்சலோடு வரிசையில் நிற்பார், விற்றுமுதலோ ஆண்டின் உச்சத்தில் இருக்கும். அந்த மாதங்களை அப்படியே தரவில் போட்டால் ஊழியர் நலன் குறைந்தால் வருமானம் கூடும் என்ற முடிவுதான் வரும். ஒவ்வொரு மாதத்தையும் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும், ஆடி மாதம் ஜூலை, ஆகஸ்ட் இரண்டிலும் பரவிக் கிடப்பதையும், தீபாவளி ஆங்கில நாட்காட்டியில் இடம் மாறுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடைகளுக்கு இடையிலும் இதே சிக்கல் உண்டு. பெரிய கடையில் கூட்டமும் லாபமும் அதிகம், வேலைப் பளுவும் அதிகம். 2000-இல் சில்வெஸ்ட்ரோவும் கிராஸும் பிரிட்டனின் ஒரு பேரங்காடி நிறுவனத்தில் செய்த ஆய்வில், லாபம் மிகுந்த கடைகளில்தான் ஊழியர் நிறைவு குறைவாக இருந்தது. கடையின் பரப்பளவைச் சமன்செய்யாமல் எதையும் முடிவு கட்டாதீர்கள்.

வெளியிலிருந்து வரும் மாற்றம் வேண்டும் என்றால் ஒன்று நம் கண்முன்னே இருக்கிறது. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, கடை ஊழியர்களுக்கு இருக்கை வழங்குவது கட்டாயமானது. கேரளம் 2018-இலேயே இதைச் செய்தது. எந்தக் கடையும் லாபம் வந்ததால் நாற்காலி போடவில்லை, சட்டம் சொன்னதால் போட்டது. இரண்டு மாநிலங்களிலும் கிளைகள் உள்ள ஒரு வணிகக் குழுமம் பழைய மாத விற்பனைத் தரவைத் தந்தால், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். 2021 கொரோனா ஆண்டு என்பது உறுத்தும். நாற்காலி இருந்தும் உட்கார விடாத மேற்பார்வையாளர்கள் இருப்பதால், சட்டம் வந்த நாளை விட்டு அது நடைமுறைக்கு வந்த நாளைக் கடைவாரியாகக் கேட்டறிய வேண்டியிருக்கும்.

மனிதவளப் பிரிவு, அம்பத்தூர்

சுருக்கமாக ஒன்று. நான் முன்பு பணியாற்றிய நிறுவனத்தில் ஆண்டுதோறும் ஊழியர் நிறைவுக் கணக்கெடுப்பு நடக்கும். பெயர் கேட்கமாட்டோம் என்பார்கள், ஆனால் துறை, வயது, பணியாண்டு மூன்றையும் கேட்பார்கள். ஆறு பேர் உள்ள பிரிவில் அதற்குமேல் பெயர் எதற்கு? எல்லோரும் "மிகவும் நிறைவு" என்று குறித்துவிட்டு, அடுத்த மாதம் வேறு இடத்தில் நேர்முகத்துக்குப் போவார்கள். நிர்வாகம் வழியாக வினாத்தாளை அனுப்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீட்டைத் தொலைபேசியில் நேரடியாக நிரப்பச் செய்யலாம், இரண்டு நிமிடம்கூட ஆகாது. கடந்த இரண்டு வாரங்களில் மனம் எப்படி இருந்தது என்று மட்டுமே அது கேட்கிறது, மேலாளரைப் பற்றிய கேள்வி எதுவும் இல்லாததால் உண்மையாக விடை சொல்லும் துணிவு சற்றுக் கூடுதலாக இருக்கும். அதோடு, வாயால் சொல்வதைவிடப் பதிவேடு பேசட்டும்: வேலையை விட்டவர்கள், முன்னறிவிப்பில்லா விடுப்பு, சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் கிளம்பியவர்கள்.

பகுதிநேர ஆய்வாளர், வேளச்சேரி

மூவருக்கும் மிக்க நன்றி. வங்கிக் கிளைகளை விட்டுவிட்டு, பல கிளைகள் உள்ள சில்லறை வணிகக் குழுமம் ஒன்றை அணுகலாமா என்று யோசிக்கிறேன். அது கைகூடாவிட்டால், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், சந்தையின் ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி வெளியிடும் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையை மட்டும் வைத்து ஆய்வை முடிக்க முடியுமா? அதில் ஊழியர் பற்றியும் நுகர்வோர் பற்றியும் எண்கள் இருக்கின்றனவே.

ஓய்வுபெற்ற பேராசிரியர், அடையாறு

முடியும், ஆனால் கேள்வியைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து அந்த அறிக்கை கட்டாயம். அதன் ஒன்பது கோட்பாடுகளில் மூன்றாவது ஊழியர் நலனையும் ஒன்பதாவது நுகர்வோரையும் பற்றியவை. நிரந்தர ஊழியர் விலகல் விகிதம், மருத்துவக் காப்பீட்டில் வந்தவர்களின் விழுக்காடு, நுகர்வோர் புகார்களின் எண்ணிக்கை எல்லாம் கிடைக்கும், நிதித் தரவு ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. யாரிடமும் அனுமதிக்குக் கையேந்த வேண்டியதில்லை என்பது பகுதிநேர ஆய்வாளருக்குச் சிறிய வசதி அல்ல.

சிக்கல் புகார் எண்ணிக்கையில் இருக்கிறது. புகார் அளிப்பதை எளிதாக்கிய நிறுவனம் அதிகப் புகார்களையும், தொலைபேசியை எடுக்கவே எடுக்காத நிறுவனம் குறைந்த புகார்களையும் காட்டும். எதைப் புகார் என்று பதிவு செய்வது என்பதிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. ஆகவே ஒரு நிறுவனத்தை இன்னொன்றோடு ஒப்பிடாமல், ஒவ்வொரு நிறுவனத்தையும் அதன் முந்தைய ஆண்டோடு மட்டும் ஒப்பிடும் நிலைவிளைவு மாதிரியைப் பயன்படுத்துங்கள். இடையில் புகார் பதியும் முறையையே மாற்றிய நிறுவனங்களைத் தனியே நீக்கிவிட்டும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். விலகல் விகிதத்தைப் படிக்கும்போதும் நிதானம் தேவை. மென்பொருள் துறையில் வெளியே வேலை மலிந்த ஆண்டில் எல்லா நிறுவனத்திலும் அது உயரும், அதை நலன் குறைந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துறையின் சராசரியைக் கழித்த பிறகு எஞ்சுவதே உங்களுக்கு வேண்டியது.

ஒப்பந்தத் தொழிலாளர்களை மறந்துவிடாதீர்கள். அறிக்கையின் விலகல் விகிதம் நிரந்தரப் பணியாளர்களுக்கானது. வாடிக்கையாளர் கடையிலோ வாசலிலோ சந்திப்பவர் பல துறைகளில் ஒப்பந்த ஊழியராகத்தான் இருக்கிறார். சேவைத் துறை நிறுவனங்களுக்கு இந்த இடைவெளியை ஆய்வேட்டின் முறையியல் இயலிலேயே வெளிப்படையாக எழுதி, ஒப்பந்த ஊழியர் விகிதம் அதிகமுள்ள நிறுவனங்களைத் தனிக் குழுவாகப் பிரித்துக் காட்டுங்கள். வணிகக் குழுமத்தின் அனுமதிக் கடிதம் கிடைத்தால் அந்தத் தரவில் ஒப்பந்த ஊழியரையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள், கிளைவாரியாக, மாதவாரியாக, குறைந்தது மூன்று ஆடிகளை உள்ளடக்கிய காலத்துக்கு.