லாலிச் நாவல்: 1957-ஆ, 1962-ஆ?

கரிமலை: "யூகோஸ்லாவிய எழுத்தாளர் மிஹைலோ லாலிச்சின் 'லேலேய்ஸ்கா கோரா' நாவல் 1957-ல் வந்தது, நியேகோஷ் இலக்கிய விருதுக்கு ஆறு வருஷம் காத்துக் கிடந்தது" என்று நேற்று தூண்டில் எழுதியிருந்தார். நியேகோஷ் விருதையே 1963-ல்தான் முதன்முதலாகக் கொடுத்தார்கள். இல்லாத விருதுக்கு எப்படிக் காத்துக் கிடப்பது? தவிர, 1962-ல் லாலிச் அந்த நாவலை விரித்துத் திரும்ப எழுதினார். இன்று பேசப்படுவது அதுதான். எனவே நாவலின் ஆண்டு 1962.

தூண்டில்: முதல் அச்சு 1957. பிள்ளைக்கு மொட்டை போட்ட தேதியைப் பிறந்த தேதி என்பீர்களா?

கரிமலை: மொட்டையா? 1942-ல் மலையில் தனியே மாட்டிக்கொண்ட நாயகன் லாதோ தாயோவிச், சாத்தானோடு பேசும் அளவுக்குச் சிதைகிறானே, அந்த மனநிலையைத்தான் லாலிச் திரும்ப உட்கார்ந்து செதுக்கினார். பழைய அச்சை வாங்கிவிட்டு 'சப்பென்று இருக்கிறது' என்பவர்கள் முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். 1962.

நாடோடி: ஆண்டு கிடக்கட்டும். தூண்டில் நாவலின் தலைப்பைத் தமிழில் 'ஒப்பாரி மலை' என்று போட்டதுதான் உறுத்துகிறது. தலைப்பில் இருக்கும் லேலேக் என்பது மொண்டெனெக்ரோவில் இழவின்போது ஆண்கள் வைக்கும் ஓலம். பெண்கள் பாடுவது துஷ்பாலிட்சா. ஒப்பாரி என்றதும் நம் காதில் பெண் குரல்தானே விழுகிறது?

தூண்டில்: 'ஓலமலை' என்று போட்டால் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கும். செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். போன மாதம் தஸ்தாயெவ்ஸ்கி இழையிலும் இதே வேலைதான் பார்த்தீர்கள்.

பனிக்காடு: லாலிச் செர்பிய எழுத்தாளர் இல்லையா? பெல்கிரேடில்தானே வாழ்ந்தார்?

கரிமலை: பிறந்தது 1914-ல், மொண்டெனெக்ரோவில், ஆந்திரியேவிட்சா பக்கத்து திரேப்சாவில். 1992-ல் இறந்தது பெல்கிரேடில். இறந்த ஊரை வைத்து எழுத்தாளனைப் பங்கு போடுவதா? 1942-ல் செத்னிக்குகள் (செர்பிய முடியாட்சி ஆதரவுப் படையினர்) அவரைப் பிடித்து அடைத்த மொண்டெனெக்ரோவின் கொலாஷின் சிறைதான் 1950-ல் 'ஸ்வாத்பா' நாவல் ஆனது. பிறகு கிரேக்கத்தில் சலோனிக்கா சிறைமுகாம், 1943-ல் அங்கிருந்து தப்பி கிரேக்கப் போராளிகளோடு. எந்த மண்ணைப் பற்றி எழுதினார் என்று பாருங்கள். அது போகட்டும், 1962.

தூண்டில்: அப்படியானால் 1957-ல் வந்தது என்ன, டைரியா?

கரிமலை: வரைவு.

தூண்டில்: அச்சாகி, அட்டை போட்டு, கடையில் விற்ற வரைவு! அருமை.

நாடோடி: 1973-ல் லாலிச்சின் 'ராட்னா ஸ்ரெச்சா' நாவலுக்கு நின் இலக்கிய விருது வந்ததே, அதைப் பேசலாமா?

கரிமலை: அதற்குத் தனி இழை போடுங்கள். இங்கே கேள்வி 1962.

தூண்டில்: 1957.