மலையேற்றப் பயிற்றுநர்: கோர்ஸ் முடித்தால் போதுமா, முகாமில் பழக வேண்டுமா?

மலைநாடன்:
உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ அடிப்படை மலையேற்றக் கோர்ஸ் முடித்த கையோடு பள்ளிப் பிள்ளைகளைப் பாறைக்குக் கூட்டிப்போகிறார்கள். ஏறக்குறைய 28 நாள் கோர்ஸ். நாம் ஏறக் கற்றுத்தரும். பிறரை ஏற்றிவிட அது போதாது. பயிற்றுநராக வருகிறவர் ஒரு வருடமாவது ஸ்டைபெண்டோடு முகாமில் அப்ரண்டிஸாக இருக்கட்டும். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கவே இருக்கிறது.

எங்கள் முகாமில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ராப்பெல்லிங், அதாவது கயிற்றைப் பிடித்துப் பாறையில் இறங்கும் விளிம்பில் அசையாமல் நின்றுவிட்டாள். ‘ஏ’ கிரேடு வாங்கிய பையன், “பின்னால சாய்மா” என்றே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் போட்ட முடிச்சில் ஒரு குறையும் இல்லை. அவள் அழ ஆரம்பித்தாள். மூத்த பயிற்றுநர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துக் கயிற்றின் மேல் வைத்தார். “இழுத்துப் பாரு.” இழுத்தாள். “இன்னும் பலமா.” கொஞ்ச நேரத்தில் தானே இறங்கினாள். இதைக் கூடவே நின்று பார்த்துத்தான் கற்க முடியும்.

தேனி நடையன்:
அண்ணா, நீங்கள் சொல்வது பெரிய முகாமுக்குச் சரி. என்னிடம் வேலை பார்ப்பவர்கள் எட்டுப் பேர். 30 பேருக்குக் குறைந்த இடங்களுக்கு அந்தச் சட்டத்தில் கட்டாயமே இல்லை. அரசு ஸ்டைபெண்டில் கால் பங்கு தரும், அதுவும் மாதம் 1,500 ரூபாய்க்குள். மீதி என் கைக்காசு. பிப்ரவரி நடுவில் தீக்காலம் என்று பாதைகளை மூடினால் இரண்டு மாதம் வருமானமே கிடையாது.

இன்னொன்று. தப்பாக பிலே (ஏறுகிறவர் விழாமல் காக்கும் கயிறு) பிடிக்கும் ஆளிடம் ஒரு வருடம் பழகினால் அந்தத் தப்புதான் கையில் ஊறும். அடிப்படை, அட்வான்ஸ், அப்புறம் பயிற்றுநர் கோர்ஸ் என்று ஒரு வரிசை ஏற்கெனவே உண்டு. அதை முழுக்க முடித்தவரை எடுத்தால் போதாதா?

குறிஞ்சி:
அந்த வரிசையை முடிக்க எங்கள் மலைக்கிராமத்துப் பையன் மூன்று முறை கூலியை விட்டுவிட்டு இமயமலைக்குப் போக வேண்டும். எத்தனை பேரால் முடியும்? பாதை மூடிய இரண்டு மாதத்தில்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது: தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, முதலுதவி, கயிறு. 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயை மறக்க முடியுமா? இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தீக்குக் கொடுத்தோம். காய்ந்த புல்லில் தீ மேட்டைப் பார்த்து எவ்வளவு வேகமாக ஏறும் என்பது அந்தச் சரிவில் பெரியவர்களோடு நடந்தவனுக்குத் தெரியும்.

செந்தில்:
நான் இரண்டு சீசன் ஒரு முகாமில் ‘ட்ரெய்னி’. எந்த முகாம் என்பது வேண்டாம். கூடாரம் சுமந்தேன், அண்டா கழுவினேன். கயிற்றைத் தொட்டது ஏழே நாள். கூட்டம் அதிகமான அன்று மட்டும் கழுத்தில் விசில் மாட்டிவிட்டார்கள். 24 பிள்ளைகளுக்கு மூன்று பயிற்றுநர் என்று பெற்றோரிடம் சொன்னார்களே, மூன்றாவது ஆள் நான்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் அப்ரண்டிஸ் முறை கட்டாயம் வேண்டும் என்பேன். ஆனால் பழகுகிறவனைப் பயிற்றுநர் கணக்கில் ஒருநாளும் சேர்க்கக் கூடாது. அன்றன்று என்ன பழகினான் என்று தினமும் லாக்புக் எழுத வேண்டும். அதில் வெளியாள் வந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

தேனி நடையன்:
மூன்று பேர் வேலைக்கு நாலு பேர் சம்பளம். நான் கட்டணத்தை ஏற்றினால் பள்ளிக்கூடம் மலிவான ஆளைத் தேடிப் போய்விடும்.

மலைநாடன்:
போகட்டும். எத்தனை பயிற்றுநர், எத்தனை அப்ரண்டிஸ் என்று தனித்தனியாக எழுதிப் பெற்றோரிடமே கொடுங்கள். என் முகாமில் அடுத்த மாதமே ஆரம்பிக்கிறேன்.

தேனி நடையன்:
அது சரி, செய்யலாம். செந்தில் தம்பி, வெளியாள் என்கிறீர்களே, மாதாமாதம் இந்த மலைக்கு யார் வருவார்?

செந்தில்:
இப்போது பயிற்றுநர் கோர்ஸும் முடித்துவிட்டேன். பஸ் செலவு கொடுங்கள், நான் வருகிறேன். பையன் அண்டாதான் கழுவினான் என்று தெரிந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.