பொன்னேரி மூட்டையும் கொருக்குப்பேட்டை தெருவும்: அடுத்த போகத்துக்கு என்ன வாக்கு குடுக்கறது?

கேள்வி: லேத்துக்காரன், கொருக்குப்பேட்டை

எனக்கு விவசாயம் தெரியாதுங்க. சின்ன லேத்துப் பட்டறை. மாமனார் ஊர் பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவுல. அவருக்கு ரெண்டு ஏக்கர், பக்கத்து நிலத்துக்காரங்க நாலு பேரோடதையும் சேர்த்தா ஏழு ஏக்கர் தேறும்.

தை மாசம் அங்க போயிருந்தப்ப ஒண்ணு பாத்தேன். விடிகாலையில மாமனார் ரெண்டு மூட்டை வெண்டைக்காயைக் கோயம்பேட்டுக்குப் போற வண்டியில ஏத்திவிட்டாரு. மறுநாள் அதே தெருவுல பக்கத்து வீட்டம்மா கடையில வெண்டைக்காய் வாங்கிட்டு வராங்க. எங்கேர்ந்துய்யா வருதுன்னு கடைக்காரரைக் கேட்டா, கோயம்பேடுதான்னாரு. மாமனார் வண்டி வாடகை, கமிஷன், ஏத்துக்கூலி எல்லாம் அழுதாரு. பக்கத்து வீட்டம்மா அதையெல்லாம் திரும்ப ஒருவாட்டி அழுவுறாங்க. காய் மட்டும் ஜம்முனு மெட்ராஸைச் சுத்திப் பாத்துட்டு வந்திருக்கு.

அந்தக் கடுப்புலதான் ஆரம்பிச்சேன். எங்க தெருவுல 14 வீடு, ஒரு வாட்ஸ்அப் குரூப். சனிக்கிழமை ராத்திரிக்குள்ள எழுதிடணும். ஞாயித்துக்கிழமை காலையில மச்சான் பொன்னேரியில ரயில் ஏத்துவான், நான் கொருக்குப்பேட்டையில எறக்கிக்குவேன். முதல் மாசம் அமர்க்களம். இப்ப அஞ்சாவது மாசம், பேஜாரா இருக்கு.

வெண்டைக்காய் பாதி முத்திப் போயி வருது. கீரை ஒரு வாரம் நாப்பது கட்டு, அடுத்த வாரம் ஒண்ணுமில்ல. ஒருத்தர் தூயமல்லின்னு பழைய ரக நெல்லு போட்டிருந்தாரு. சத்து போகக்கூடாதுன்னு தீட்டாம அரைச்சு நூறு கிலோ கொண்டாந்தோம். ரெண்டு மாசத்துல வண்டு, ஒரு மாதிரி சிக்கு வாசனை. முப்பது கிலோ கோழிக்குப் போச்சு.

அந்த அஞ்சு பேரும் இப்ப கேக்குறாங்க: "மாப்ள, அடுத்த போகம் உங்களை நம்பி விதைக்கலாமா?" என்ன சொல்றதுன்னு தெரியல.

இன்னொண்ணு. எங்க தெருவுக்கு வர்ற கீரைக்கார ஆயா போன வாரம் பட்டறை வாசல்ல கூடையை எறக்கிட்டு, "இன்னா நைனா, இந்தத் தெருவையும் நீயே எடுத்துக்கினியா?"ன்னு கேட்டுட்டுப் போச்சு. அன்னிக்குப் பூரா வேலை ஓடல.

பதில்: கீரைக்காரம்மா பொண்ணு, திருவொற்றியூர்

அண்ணே, கடைசியா எழுதினதைத்தான் நீங்க முதல்ல எழுதியிருக்கணும்.

எங்கம்மா முப்பது வருஷம் கீரை வித்தவங்க. கொத்தவால்சாவடி இருந்தவரைக்கும் தங்கசாலைப் பக்கம் நடந்தே போயி சரக்கு எடுத்தாங்க. 1996-ல மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனதும் ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு பேர் சேர்ந்து ஆட்டோ வெக்கணும். லாபத்துல பாதி ஆட்டோவுக்கே போகும். அப்புறம்தான் மீஞ்சூர், பொன்னேரி பக்கம் ரயில்ல போயி தோட்டத்துலயே எடுக்க ஆரம்பிச்சாங்க. மீன் கூடையும் கீரைக் கட்டும் ஏத்தற பெட்டியில குந்திக்கினே வருவாங்க. தோட்டத்துக்காரருக்குக் கையில காசு, எங்களுக்கு அன்னிக்குப் பறிச்ச கீரை. அந்தப் பெட்டியில வர்ற பொம்பளைங்களுக்கு எந்த வீட்டுல சுகர், எந்த வீட்டுல புள்ளத்தாச்சி, யாருக்கு அகத்தி கசக்கும், யாரு சனிக்கிழமை கூலி வாங்கித்தான் குடுப்பாங்க, எல்லாம் அத்துப்படி. நீங்க குரூப் வெச்சு அஞ்சு மாசமா செய்யப் பாக்குறது இதைத்தான்.

உங்க 14 வீட்டுல வாட்ஸ்அப் இல்லாத வீடு எத்தனை? கடன் சொல்லி வாங்கற வீடு எத்தனை? அவங்க உங்ககிட்ட வரமாட்டாங்க. ஆயா வரலன்னா அவங்களுக்குக் கீரையே கிடையாது. வாரத்துல ஆறு நாள் அந்தத் தெரு ஆயாவை நம்பி இருக்கு. ஞாயித்துக்கிழமை நல்ல வியாபாரத்தை மட்டும் நீங்க அள்ளிக்கிட்டீங்கன்னா மத்த ஆறு நாள் அதுக்குக் கட்டுப்படியாகாது.

கீரையை விட்டுடுங்கண்ணே. இல்லன்னா ஆயாவுக்கே குடுங்க, உங்க மாமனார் தோட்டத்து விலைக்கு.

பதில்: ஆரணியாத்தங்கரை

லேத்துக்காரரே, நான் கவரைப்பேட்டைப் பக்கம். நெல்லு, வேர்க்கடலை, கொஞ்சம் தோட்டக்கால்.

உங்க வெண்டைக்காய் முத்துறதுக்குக் காரணம் உங்க ஞாயித்துக்கிழமை. வெண்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கணும். ரெண்டு நாள் தப்பினா நார்தான். வாரத்துக்கு ஒரு நாள் சந்தைன்னா அதுக்குத் தோதான காயைப் போடணும். பரங்கி, பூசணி, சேப்பங்கிழங்கு, சக்கரவள்ளி, வேர்க்கடலை. இதெல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கும். வெண்டை, கத்திரி, கொத்தவரை ஊருக்குள்ளயே போகட்டும். உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல சத்துணவு ஓடுதில்ல? அரிசி பருப்பு மேலேர்ந்து வரும், காய்கறியை அமைப்பாளர்தான் வெளியில வாங்கணும். போய்ப் பேசிப் பாத்தீங்களா? வாரத்துக்கு அஞ்சு நாள் வாங்கற ஆளு ஊருக்குள்ளயே இருக்கும்போது முதல்ல எதுக்கு ரயில் ஏத்துறீங்க?

கீரைக்கு வழி ரொம்பச் சுலபம். மொத்தத்தையும் ஒரே நாள்ல விதைச்சிருப்பாங்க. முளைக்கீரை 21 நாள்லேர்ந்து 25 நாளுக்குள்ள வேரோட புடுங்கிடணும். நாலு பாத்தி கட்டி வாரத்துக்கு ஒரு பாத்தியா விதைச்சா வாரா வாரம் ஒரு பாத்தி வரும். அரைக்கீரையை ஒருவாட்டி விதைச்சுட்டா அறுக்க அறுக்கத் தழையும்.

அரிசி விஷயத்துல ஏமாந்துட்டீங்க. தீட்டாத அரிசியில தவிட்டு எண்ணெய் இருக்கு, அது கெட்டுத்தான் சிக்கு வாசனை வரும். வண்டும் அதுக்குத்தான் ஓடி வரும். நெல்லாவே வெச்சுக்கோங்க. நல்லாக் காய்ஞ்ச நெல்லு, உமி மேல இருக்கிறவரைக்கும் மாசக்கணக்குல நிக்கும். மாசம் ஒருவாட்டி எவ்வளவு கேக்குறாங்களோ அவ்வளவு அரைச்சாப் போதும். செங்குன்றத்து பெரிய மில்லுக்கு ரெண்டு மூட்டையைத் தூக்கிட்டுப் போகாதீங்க, அங்கல்லாம் லாரிக் கணக்கு. ஊருக்குள்ள சின்ன அரைவை மில்லு இன்னும் ஓடுதான்னு பாருங்க. முடிஞ்சா புழுங்க வெச்சு அரைங்க, இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

தண்ணியையும் கேட்டுக்கோங்க. மீஞ்சூர்லேர்ந்து கடலோரமா மெட்ராஸுக்காக எத்தனையோ வருஷம் நிலத்தடித் தண்ணியை உறிஞ்சி எடுத்தாங்க, கடல் உள்ள வந்துடுச்சு. உங்க மாமனார் போர் தண்ணி உப்புக் கரிச்சா, தோட்டக்காலை நம்பிப் பெரிய வாக்கு எதுவும் குடுக்காதீங்க. உப்பைத் தாங்கற பழைய நெல்லு இருக்கு, களர்பாலைன்னு பேரு. பழைய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் ஐயா திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் திருவிழாவுல ரெண்டு கிலோ விதை குடுத்தா அடுத்த வருஷம் நாலு கிலோவாத் திருப்பித் தரணும்னு வழக்கம் வெச்சிருந்தாரு. 2018-ல அவர் போயிட்டாரு. அந்த வழக்கத்துல விதை வாங்கினவங்க நிறையப் பேர் இருக்காங்க, தேடினா கிடைக்கும். முதல் வருஷம் கால் ஏக்கருக்கு மேல வேணாம்.

பதில்: அரிசி அட்டை, வியாசர்பாடி

தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு சந்தேகம். 2011-லேர்ந்து ரேஷன்ல அரிசி ஃப்ரீ. எங்க ஏரியாவுல சோறு ஆக்காதவங்க கூட அதை மாவுக்கு ஊறப்போடுறாங்க. உங்க தூயமல்லியை யாரு வாங்குறா? ஏசி வெச்ச வீடா?

லேத்துக்காரன்:

ஏசி வீடு ரெண்டுதான் சார் இருக்கு. ஆனா கேட்டது சரியான கேள்வி, இப்பதான் கணக்குப் போட்டேன். 2025 சீசனுக்குக் கொள்முதல் நிலையத்துல சாதா நெல்லு குவிண்டால் 2,500. அப்ப 75 கிலோ மூட்டை 1,875 ரூபா. அரைச்சா 45 கிலோ அரிசி வருதுன்னு வெச்சுக்குங்க, கிலோ கிட்டத்தட்ட 42 ரூபா ஆகுது. அரைவைக்கூலி, ரயிலு, சாக்கு எல்லாம் இதுக்கு மேல. தூயமல்லி விளைச்சலும் கம்மி, மூட்டைக்கு இன்னும் கூடக் குடுத்தாதான் அவருக்குக் கட்டும். ஓசி அரிசியோட போட்டி போட முடியாது, ஒத்துக்கறேன். தெருவுல அரிசி கேட்டது அஞ்சே வீடு. அதுல மூணு வீட்டுல சுகர் பேஷன்ட்டு, கஞ்சிக்கு மாசம் ரெண்டு கிலோ போதும்னுதான் சொன்னாங்க. நான்தான் நூறு கிலோ தூக்கியாந்தேன்.

திருவொற்றியூர் தங்கச்சி, நீ எழுதினதை வீட்டுக்காரிகிட்ட படிச்சுக் காட்டினேன். "இதை நான் சித்திரையிலயே சொன்னேன்"னா.

பதில்: கீரைக்காரம்மா பொண்ணு

அண்ணிகிட்டயே கேட்டிருந்தா நாங்க இவ்ளோ டைப் அடிச்சிருக்க வேணாம்.

லேத்துக்காரன் (ரெண்டு வாரம் கழிச்சு):

நடந்ததைச் சொல்லிடறேன், கேட்டவங்களுக்காக.

ஆயாவைப் போயிப் பாத்தேன். முதல்ல முகம் குடுக்கல. அப்புறம் டீ வாங்கிக் குடுத்து, கீரை பூரா இனிமே நீயே வித்துக்கோ, தோட்டத்து விலைக்கு மச்சான் ரயில்ல குடுத்துவிடுவான்னேன். "கட்டு எம்மாம் பெரிசு?"ன்னு கேட்டுச்சு. காட்டினேன். "இத்த ரெண்டாக் கட்டுவேன்"னுச்சு. அது அவங்க தொழில், நான் வாயத் தொறக்கல. சிறுகீரையும் பொன்னாங்கண்ணியும்தான் எங்க தெருவுல ஓடுமாம், தண்டுக்கீரையை எவனும் சீண்ட மாட்டானாம். அஞ்சு மாசமா நான் தண்டுக்கீரையாக் கொண்டாந்து கொட்டியிருக்கேன்.

சத்துணவு அமைப்பாளரை மாமனாரே பாத்தாரு. அவங்க பொன்னேரி கடையில கணக்கு வெச்சு மாசக் கடைசியில பணம் குடுக்கறாங்களாம். அதே மாதிரி மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கிட்டா வாங்கறேன்னிருக்காங்க. அஞ்சு பேர்ல மூணு பேருக்குத்தான் அப்படிப் பொறுக்க முடியும். மத்த ரெண்டு பேருக்கு அன்னிக்கே காசு வேணும், அவங்க சரக்கு கோயம்பேட்டுக்கே போகட்டும்னு விட்டுட்டேன். இதுல எனக்கு மனசு ஒப்பலதான்.

நெல்லு எட்டு மூட்டை மட்டும் வாக்கு குடுத்திருக்கேன். ஏழு ஏக்கருக்கும் குடுக்கல. பக்கத்து ஊர்ல பழைய ஹல்லர், அதான் சின்ன நெல் அரைவை மெஷின், ஒண்ணு செவ்வா, வெள்ளி மட்டும் ஓடுதாம். தேய்ஞ்சு கெடக்கற ஷாஃப்ட்டை நான் கடைஞ்சு குடுத்தா அரைவைக்கூலியில கழிச்சுக்கறேன்னு மில்லுக்காரர் சொல்லியிருக்காரு. இது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்ச வேலை.

ஆரணியாத்தங்கரை அண்ணே, போர் தண்ணியை மாமனார் வாயில ஊத்திப் பாத்துட்டு, "நல்லாதான் இருக்குது"ன்னாரு. மாமியார் பருப்பு வேகமாட்டேங்குதுன்றாங்க. டெஸ்டுக்கு ஒரு பாட்டில் குடுத்திருக்கேன்.

அப்புறம், சும்மா திரும்பிப் போயிட்டிருந்த கூடையில ஆயா சொல்லி காசிமேட்டு நெத்திலிக் கருவாடு ரெண்டு கிலோ போன வாரம் அனுப்பினேன். ஊர்ல ஒரு மணி நேரத்துல காலி. இந்த வாரம் அஞ்சு கிலோ கேட்டிருக்காங்க, வஞ்சிரக் கருவாடு கிடைக்குமான்னும் கேக்குறாங்க. காசிமேட்டுல யாராவது இருந்தா விலை சொல்லுங்க.