மேர்க்கிள் சான்றுக் கருவிக்குத் தமிழ்க் கையேடு: கொஞ்சம் வாசித்துப் பார்ப்பீர்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கல்லடியிலிருந்து எழுதுகிறேன். ஏஐ முகவர்கள் (நமக்காகத் தாமாகவே கருவிகளை இயக்கி வேலை செய்யும் ஏஐ நிரல்கள்) பயன்படுத்தும் ஒரு சின்னக் கருவிக்குத் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பதிவின் இலக்கத்தைக் கொடுத்தால், அது பட்டியலில் உண்மையாகவே இருக்கிறது என்பதற்கான மேர்க்கிள் சான்றை எடுத்துத் தரும். பத்து லட்சம் பதிவுகள் இருந்தாலும் அந்தச் சான்றுக்கு 20 ஹாஷ் (தரவிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற சின்னக் குறியீடு) போதும். எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் முறை என்றால் ஒன்று 32 பைட், மொத்தம் 640 பைட். இதையெல்லாம் எழுதுவது சுலபம்.

சிக்கல் வேறு இடத்தில். அக்கரைப்பற்றில் இருக்கும் மச்சான் என் முதல் வரைவைப் பார்த்து, சான்றைச் சரிபார்க்கும் நிரல் பகுதியை எழுதினான். சான்றில் உள்ள ஹாஷ்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் பட்டியல் முழுவதுக்குமான வேர் ஹாஷ் வர வேண்டும்; அது பொருந்தவேயில்லை. முகவரோ 'பதிவை யாரோ மாற்றிவிட்டார்கள்' என்று அடித்துச் சொன்னது. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்த பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு ஹாஷும் இடப்பக்கம் சேருமா வலப்பக்கமா என்று நான் எழுதவேயில்லை! பிழை என்னுடையதுதான்.

அப்புறம், 'சான்று கிடைக்கவில்லை' வேறு, 'சான்று பொருந்தவில்லை' வேறு. முகவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அது குழம்பாதபடி இரண்டே வரியில் எப்படி எழுதலாம்? முகவருக்குக் கொடுக்கும் கருவி விளக்கத்தை நீட்டவும் முடியாது, முகவர் ஒவ்வொரு முறையும் அதை வாசித்துச் சுமக்க வேண்டும்.

கிரிப்டோகிராபி தெரியாத ஒருவர் வாசித்து, எங்கே தடக்குகிறது என்று சொன்னால் பெரிய உதவி. ஏழு பக்கம்தான். 'சான்று' நல்லதா, 'நிரூபணம்' நல்லதா என்றும் சொல்லுங்கள். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் என்றால் நேரிலேயே வந்து கதைக்கிறேன். தேத்தண்ணி என் செலவு.