மெக்சிகோ சோகப் பாட்டு கேட்டா மனசு லேசாகுதே, ஏன்?

பாட்டுப்பித்தன்:
அப்பா போனதுக்கப்புறம் எந்தப் பாட்டும் கேக்கப் பிடிக்கல, ஆனா யூட்யூப்ல தற்செயலா ஒரு மரியாச்சி பாட்டு (ட்ரம்பெட், வயலின், கிட்டார்னு குழுவா வாசிச்சுப் பாடுற மெக்சிகோ இசை) வந்துச்சு, ஒரு வார்த்தை புரியல, அழுது முடிச்சதும் நெஞ்சுல இருந்த பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்துச்சு. துக்கத்த எப்படி இவ்ளோ ஓப்பனா பாடுறாங்க?

ராத்திரி ரேடியோ:
மனச தேத்திக்கோங்க நண்பா. மெக்சிகோ பாடகர் ஹுவான் கப்ரியேலோட ‘அமோர் எதெர்னோ’ பாட்டக் கேளுங்க. அவரோட அம்மா 1974ல தவறிட்டாங்க, அவங்க நினைவா பாடினாரு. ஸ்பெயின் பாடகி ரொசியோ துர்கால் பாடினதும் ரொம்ப ஃபேமஸ். சாவு வீட்டுல, அன்னையர் தினத்துலன்னு இப்பவும் அங்க இதத்தான் பாடுறாங்க. 2019ல அமெரிக்காவுல, மெக்சிகோ எல்லையில இருக்குற எல் பாசோ ஊர்ல ஒரு கடையில துப்பாக்கிச் சூடு நடந்து 23 பேர் உயிர் போச்சு, அப்ப நடந்த அஞ்சலியிலயும் மரியாச்சிக்காரங்க இதையேதான் வாசிச்சாங்க. அந்த வீடியோவ என்னால முழுசா பாக்க முடியல.

கிட்டார் கிறுக்கன்:
பாட்டு நடுவுல நீளமா ஒரு கத்தல் வரும் கவனிச்சீங்களா, அதுக்கு ‘கிரீத்தோ’ன்னு பேரு, பாடகர் மட்டுமில்ல கேக்குறவங்களும் சேந்து கத்துவாங்க, விசும்பலும் கும்மாளமும் ஒண்ணா கலந்த சத்தம் அது, அழுகைய யாரும் அடக்கச் சொல்றதில்ல. மேல ட்ரம்பெட் கணீர்னு எடுக்கும், கீழ கித்தரோன்ங்கிற பெரிய பேஸ் கிட்டார் தும் தும்னு தாளத்த விடாம பிடிச்சுக்கிட்டே போகும், என்னைப் பொறுத்தவரை நம்மள தூக்கி நிறுத்துறதே அந்தத் தாளம்தான். தனியா இருக்கப்ப பாடகி சவேலா வர்காஸ் பாட்டு போட்டுப் பாருங்க, ட்ரம்பெட் கிடையாது, கிட்டாரும் அந்தக் கரகரத்த குரலும் மட்டும்தான்.

பாட்டுப்பித்தன்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். ‘அமோர் எதெர்னோ’ அம்மாவுக்கும் போட்டுக் காட்டப் போறேன்.