மறு: படகு மோட்டாருக்குத் தமிழ்ச்சொல்: ‘பூட்டுப்பொறி’

> அரசாணைகளில் ‘வெளிப்பொருத்தும் இயந்திரம்’ என்று இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, வணக்கம். அந்தச் சொல்லில் தவறில்லை. ஆனால் மோட்டார் படகுக்கு வெளியே இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

என் மாமா கிருஷ்ணகிரி அணையில் மீன் பிடிக்கிறார். 12 அடி ஃபைபர் படகு. காலையில் மோட்டாரைத் தோளில் தூக்கி வந்து, படகின் பின்முனையில் நிற்கும் பலகையில், அதாவது பின்பலகையில் வைத்து, இரண்டு திருகுகளை இறுக்குவார். “மோட்டார் பூட்டியாச்சு, ஏறு மாப்ள” என்பார். சாயங்காலம் தளர்த்தி வீட்டுக்கே எடுத்துப் போய்விடுவார். ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது போலத்தான் அவருக்கு இதுவும். ‘பூட்டுப்பொறி’ என்று நான் முன்வைப்பது அவர் வாயிலிருந்து எடுத்தது. 1909இல் ஓலே எவின்ரூட் அமெரிக்காவில் இதை விற்கத் தொடங்கியபோதும், கழற்றக்கூடிய துடுப்புப்படகு மோட்டார் என்றே பெயர் வைத்தார்.

பூட்டு என்றால் சாவி நினைவுக்கு வருமே என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பக்கம் ‘வண்டி பூட்டு’ என்றால் யாரும் சாவியைத் தேடுவதில்லை.

அப்புறம், ‘கால்’. மோட்டாரிலிருந்து, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறி வரை கீழே இறங்கும் பகுதிக்கு ஒரு சொல் உடனடியாக வேண்டும். மாமாவின் பின்பலகை உயரம் 15 அங்குலம். கடையில் கொடுத்தனுப்பியது 20 அங்குலத்துக்கானது. தண்ணீர் வற்றிய கரையோரத்தில் விசிறி சேற்றைக் கிளறி, செடி சுற்றி நின்றுவிட்டது. மாற்றித்தரச் சொல்லி இரண்டு முறை அலைந்தோம். கால் குட்டையாகப் போனாலும் தொல்லைதான்: விசிறி காற்றை இழுக்கும், மோட்டார் அலறும், படகு நகராது. ‘குறுங்கால்’, ‘நெடுங்கால்’ என்று சொல் இருந்திருந்தால், பலகையை அளந்து, கேட்டு வாங்கியிருப்போம். வாங்குகிறவர் குதிரைத்திறனை மட்டும் கேட்பதற்குக் காரணம், அதற்கு மட்டும்தான் அவரிடம் சொல் இருக்கிறது.

‘பின்பலகை’யையும் சேர்த்தே பதிவோம். ஒகேனக்கல் பரிசலைப் பாருங்கள், வட்டம். பின்பலகையே கிடையாது, அதனால் பூட்டவும் இடமில்லை. இந்தப் பலகைக்குக் கடலோரத்தில் வேறு பெயர் புழங்கினால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.