வளர்ப்பது ஒரு கிளப், ஆடுவது எதிரணிக்கு: பென்ரித், பரமட்டா இளம் வீரர்கள் குறித்து ஒரு கேள்வி

வென்ட்வொர்த்வில் தந்தை:

அனைவருக்கும் வணக்கம். 13 வயதாகும் என் மகன் நான்கு ஆண்டுகளாக, மேற்குச் சிட்னியில் எங்கள் வீட்டருகே உள்ள பூங்கா மைதானத்தில் ஜூனியர் அணி ஒன்றுக்கு ரக்பி லீக் ஆடி வருகிறான். நாங்கள் குடும்பமாகப் பரமட்டா ஈல்ஸ் ஆதரவாளர்கள். ஆயினும், மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பென்ரித் பாந்தர்ஸ் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை என்.ஆர்.எல். (ஆஸ்திரேலியாவின் முதல்தர ரக்பி லீக் போட்டி) பட்டத்தை வென்றதையும், அந்த அணியின் முதுகெலும்பாக இருந்தவர்கள் சிறுவயது முதல் அங்கேயே பயின்ற பிள்ளைகள் என்பதையும் மதிப்போடு பார்த்து வந்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எதிரணிகளுக்குச் சென்றுவிட்டதுதான் என்னை உறுத்துகிறது. மாட் பர்ட்டன், ஸ்டீபன் கிரைட்டன் ஆகியோர் புல்டாக்ஸுக்கும், ஜெரோம் லுவாய் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கும் போனார்கள். பல ஆண்டுகள் பணமும் உழைப்பும் செலவிட்டு ஒரு கிளப் உருவாக்கிய வீரரை, ஒப்பந்தம் முடிந்ததும் இன்னொரு கிளப் எந்த இழப்பீடும் தராமல் அழைத்துக்கொள்வது எவ்வாறு முறையாகும்? பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லாத பரமட்டா 1986க்குப் பிறகு ஒரு பட்டம்கூட வெல்லாதிருக்க, பென்ரித்தால் மட்டும் எப்படி முடிந்தது என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

செயின்ட் மேரிஸ்காரன்:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதை நான் அருகிலிருந்து பார்த்தவன். பென்ரித்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை எப்போதுமே பெரிதுதான். எனினும் 1967இல் முதல்தரப் போட்டிக்குள் வந்த அந்தக் கிளப், 2021க்கு முன் 1991, 2003 ஆகிய இரண்டே ஆண்டுகளில்தான் பட்டம் வென்றது. ஆகவே எண்ணிக்கை மட்டும் காரணமாக இருக்க முடியாது. 2011இல் பில் கோல்ட் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற பிறகு, வெளியிலிருந்து பெயர்பெற்ற வீரர்களை வாங்குவதைவிட உள்ளூரில் வளர்ப்பதில் பணத்தைப் போடுவது என்ற முடிவு எடுக்கப்பட்டது. அந்த முடிவின் பலன் கைக்கு வரப் பத்து ஆண்டுகள் பிடித்தன. இடையில் ஓர் ஆண்டு தோற்றவுடன் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருந்தால் நான்கு பட்டங்களும் வந்திரா.

அங்கே 18 வயதுப் பையன் கற்கும் ஆட்டமுறையும் முதல் அணியின் ஆட்டமுறையும் ஒன்றே. மேலே ஒருவர் காயமடைந்தால் கீழிருந்து வருபவர் புதிதாகக் கற்க வேண்டியது மிகக் குறைவு. 2022இல் இளையோருக்கான எஸ்.ஜி. பால் கோப்பை, ஜெர்சி ஃப்ளெக் கோப்பை, இரண்டாம் நிலை அணிகளுக்கான நியூ சவுத் வேல்ஸ் கோப்பை, என்.ஆர்.எல். ஆகிய நான்கையும் பென்ரித் ஒரே பருவத்தில் வென்றது இதற்குச் சான்று. லுவாயும் பிரையன் டோஓவும் எங்கள் செயின்ட் மேரிஸ் ஜூனியர் அணியில் ஆடிய பிள்ளைகள். சமோவா வம்சாவளிக் குடும்பங்களிலிருந்து வந்த அவர்கள் இருவரும் கிரைட்டனும், 2022 பட்டத்தை வென்ற கையோடு இங்கிலாந்து சென்று, சமோவாவை முதன்முறையாக உலகக் கோப்பை இறுதிப் போட்டிவரை கொண்டுசென்றார்கள். அரையிறுதியில் இங்கிலாந்தை 27–26 என்று வீழ்த்திய அந்தக் கடைசி உதை கிரைட்டனின் காலிலிருந்து புறப்பட்டபோது எங்கள் தெரு முழுவதும் விழித்திருந்தது.

இரண்டு செய்திகளை நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'மண்ணின் மைந்தர்கள்' என்று நாம் சொல்லும் அணியில் ஐசையா யோவும் பர்ட்டனும் டப்போவிலிருந்தும், லியாம் மார்ட்டின் டெமோராவிலிருந்தும் வந்தவர்கள். மலைகளுக்கு அப்பாலிருக்கும் நாட்டுப்புற ஊர்களையும் பென்ரித் தன் நாற்றங்காலாகப் பேணியது. அடுத்தது பணம். இந்த வளர்ச்சிக்கு ஆகும் செலவில் ஒரு பங்கு, கிளப்புக்குச் சொந்தமான கேளிக்கை விடுதிகளின் சூதாட்ட இயந்திரங்கள் வழியாக இதே மேற்குச் சிட்னிக் குடும்பங்களிடமிருந்து வருவதே. அதை எண்ணும்போது என் பெருமை சற்றுக் குறைகிறது.

பழைய நடுவர்:

'எந்த இழப்பீடும் தராமல்' என்பதற்கு வருகிறேன். முற்காலத்தில் சிட்னியில் வசிப்பிட விதி ஒன்று இருந்தது. எந்த மாவட்டத்தில் குடியிருக்கிறாரோ அந்த மாவட்டக் கிளப்புக்கே ஒருவர் ஆட வேண்டும். 1959இல் அது நீக்கப்பட்டது. பின்னர் வீரர்களைக் கிளப்புகளுக்கிடையே பங்கிடும் 'டிராஃப்ட்' முறையைக் கொண்டுவர முயன்றபோது, தம் உழைப்பை யாருக்குத் தருவது என்று முடிவெடுக்கும் உரிமையை அது நியாயமின்றித் தடுக்கிறது என வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1991இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். முப்பது வயதுக்குள் முழங்கால் தேய்ந்துவிடக்கூடிய தொழிலில், நன்றிக்கடன் என்ற பெயரில் ஒரு பிள்ளையைக் குறைந்த சம்பளத்துக்குக் கட்டிப்போட முடியாது. வீரர்களுக்கு மொத்தம் இவ்வளவுதான் தரலாம் என்ற சம்பள உச்சவரம்பு எல்லாக் கிளப்புகளுக்கும் ஒன்றே என்பதால், ஒரே நேரத்தில் எட்டுப் பத்து நட்சத்திரங்களை உருவாக்கும் கிளப் அவர்களில் சிலரை இழந்தே ஆக வேண்டும்.

என்னை வருத்துவது வேறொன்று. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டை நெருங்கும் வீரர், அதற்கு முந்தைய நவம்பர் 1 முதலே எதிரணிகளோடு பேசலாம். இதனால் ஒருவர் அடுத்த ஆண்டு எதிரணிக்குப் போகிறார் என்று ஊருக்கே தெரிந்த நிலையில் முழுப் பருவமும் ஆடுகிறார். 2022 இறுதிப் போட்டியில் பென்ரித் 28–12 என்று பரமட்டாவை வென்றபோது, பென்ரித்தின் விலியாமே கிக்காவ், கொரோய்சாவ், பரமட்டாவின் மஹோனி, பப்பாலி, நியுகோரே ஆகிய அனைவரும் வேறு கிளப்புகளில் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார்கள். அவர்கள் மனமார ஆடினார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆதரவாளர்களுக்கு இது தேவையற்ற வேதனை. பருவம் முடிந்த பிறகே பேச்சு தொடங்க வேண்டும் என்று விதி மாற வேண்டும்.

வளர்த்த கிளப்புக்கு உச்சவரம்பில் பெரிய சலுகை தரலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து கோலோச்சும் மெல்பர்னில் ஸ்டோர்ம் அணி எங்கிருந்து உள்ளூர்ப் பிள்ளைகளைத் திரட்டும்? அதன் தூண்களாக விளங்கிய ஸ்மித், குரோங்க், ஸ்லேட்டர் மூவருமே குயின்ஸ்லாந்தில் வளர்ந்தவர்கள்.

நீலமும் பொன்னும்:

மேலே எழுதிய பென்ரித் நண்பருக்கு ஒரு நினைவூட்டல். லுவாய் போனதும் காலியான இடத்துக்கு 2025இல் நீங்கள் அழைத்துக்கொண்டது யாரை? பரமட்டாவில் வளர்ந்து, 2024இல் பதின்ம வயதிலேயே எங்கள் முதல் அணிக்கு ஆடிய பிளேஸ் தலாங்கியை. அன்று எங்கள் வீட்டில் ஒரு துக்கச் செய்தி வந்ததைப் போல இருந்தது. அதே ஆண்டில் பென்ரித்தில் பயின்ற ஐசையா இயோங்கி எங்களிடம் வந்தார். 2022 இறுதிப் போட்டியின் சிறந்த வீரரான டிலன் எட்வர்ட்ஸ் ஃபுல்பேக் (அணியின் கடைசித் தடுப்பாளர்) இடத்தில் இருக்கும்வரை தமக்கு அங்கே வழியில்லை என்று அவர் எண்ணியிருந்தால் அதில் தவறில்லை. எனவே திருடுபவர் ஒருவர், இழப்பவர் ஒருவர் என்று இதைப் பிரிக்க முடியாது.

உண்மையில் இழப்பவை, ஆறு வயதில் பந்தைக் கையில் கொடுத்த பூங்கா மைதான அணிகளே. உலகக் கால்பந்தில் 12 வயதிலிருந்து 21 வயதுவரை பயிற்சியளித்த கிளப்புகளுக்கு இழப்பீடு தரும் ஏற்பாடு இருக்கிறது. இங்கும் ஒரு வீரர் முதல் பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, ஒரு சிறு பங்கை அவருடைய ஜூனியர் அணிக்கு நேரடியாக அனுப்பலாம். அது வீரரின் சம்பளத்திலிருந்து அல்லாமல் போட்டியின் பொது வருவாயிலிருந்து போகட்டும்.

வென்ட்வொர்த்வில் தந்தை:

விரிவான பதில்களுக்கு நன்றி. தலாங்கியும் இயோங்கியும் ஒரே ஆண்டில் எதிரெதிர்த் திசையில் கடந்து சென்றதை நான் சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை. பூங்கா அணிகள் குறித்து நீங்கள் சொன்னது என் மனத்தில் உள்ளதேதான்: எங்கள் அணியின் பயிற்சியாளர் பகலில் குழாய் வேலை பார்ப்பவர், சம்பளம் பெறாமல் வாரம் மூன்று மாலைகள் வருகிறார், பந்துகளைக்கூடச் சில வேளைகளில் தம் பணத்தில் வாங்குகிறார்.

இன்னும் ஒரு சிறு கேள்வி. மாவட்டத் தேர்வுக்கு மகனை அனுப்பலாமா என்று அவரே சென்ற வாரம் கேட்டார். பரமட்டா வழியாக, சிறுவர்களுக்கான ஹரோல்ட் மேத்யூஸ் கோப்பை வரை போன பிள்ளைகளின் பெற்றோர் யாரேனும் இங்கு இருந்தால், பயிற்சி நாட்களையும் பள்ளிப் படிப்பையும் எவ்வாறு சமாளித்தீர்கள் என்று எழுத முடியுமா?